கண்ணாடி அணியாத முப்பரிமாணத் தொலைக்காட்சி: ஒரு வரலாற்று நோக்கு

2010ஆம் ஆண்டளவில் உலகின் பெரிய தொலைக்காட்சி உற்பத்தி நிறுவனங்கள் பலவும் முப்பரிமாணக் காட்சியையே தமது எதிர்காலமெனப் பிரகடனஞ் செய்தன. 2009 டிசெம்பரில் வெளிவந்த ‘அவதார்’ திரைப்படத்தின் பெருவெற்றி அப்பிரகடனத்திற்கு வலுவூட்டிற்று. ஆயின், 2013இல் பி.பி.சி. தனது முப்பரிமாணத் தயாரிப்புகளை இடைநிறுத்தியது. அதே ஆண்டில் அமெரிக்காவின் ஈ.எஸ்.பி.என். தனது முப்பரிமாண அலைவரிசையை மூடிவிட்டது. 2016இல் சம்சுங்கும், 2017இல் எல்.ஜி., சோனி ஆகியனவும் இவ்வகை வீட்டுத் தொலைக்காட்சிகளின் உற்பத்தியைக் கைவிட்டன. இவ்வீழ்ச்சிக்குப் பெரும்பாலோர் கூறும் காரணம் ஒன்றேயாகும். வீட்டில் ஓய்வாக அமர்ந்திருப்போர் தொலைக்காட்சிக்கெனத் தனியே ஒரு மூக்குக்கண்ணாடியை அணிந்துகொள்ள விரும்பவில்லை என்பதே அது.

இக்காரணம் பொய்யன்று; ஆனால் போதாதது. கண்ணாடி வேண்டாத முப்பரிமாணத் தொலைக்காட்சியை யப்பானின் தொஷிபா நிறுவனம் 2010 டிசெம்பரிலேயே விற்பனைக்கு விட்டிருந்தது. கண்ணாடியே தடையெனின், அத்தடை நீங்கிய கருவி வென்றிருத்தல் வேண்டும். அது வெல்லவில்லை. ஏன் வெல்லவில்லை என்பதற்கு விடைதேடப் புகின், நூறாண்டுகளுக்கு மேற்பட்ட ஒரு வரலாற்றினூடு செல்ல வேண்டியுள்ளது. கலைப்பீட மாணவனொருவன் ஒளியியலில் கைவைப்பது தகுமோ என ஐயுறுவோரும் உளர். இவ்வரலாற்றின் நடுவே நிற்கும் வினா வில்லைகளைப் பற்றியது மட்டுமன்று. ஒரு காட்சியை எத்தனை பேர், எங்கிருந்து, எவ்விலை கொடுத்துக் காணலாம் என்பதும் அதுவே. அவ்வினா எமது துறைக்கும் உரியது.

மனிதனின் இரு கண்களுக்கும் இடையிலான தூரம் ஏறக்குறைய 65 மில்லிமீற்றர். இச்சிறு இடைவெளியால் ஒவ்வொரு விழித்திரையிலும் சற்று வேறுபட்ட விம்பம் விழுகின்றது. மூளை அவ்வேறுபாட்டிலிருந்து ஆழத்தை உணர்கின்றது. இதனைத் தெளிவான பரிசோதனை மூலம் நிறுவியவர் சார்ள்ஸ் வீற்ஸ்ரன் என்னும் ஆங்கிலேயர். 1838 யூனில் இலண்டன் றோயல் சொசைற்றிக்கு அவர் சமர்ப்பித்த ஆய்வுரையில், இரு ஆடிகளைக் கோணமாக நிறுத்தி, ஒவ்வொரு கண்ணுக்கும் வெவ்வேறு வரைபடத்தைக் காட்டும் கருவியொன்று விவரிக்கப்பட்டது. ஒளிப்படக்கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது அதற்கு அடுத்த ஆண்டிலேயே என்பதை ஈண்டு நினைவிற்கொள்ளல் நன்று. 1849இல் டேவிட் புறூஸ்ரர் வில்லைகளைக் கொண்டு கையடக்கமான கருவியை அமைத்தார். 1851இல் இலண்டனில் நிகழ்ந்த மாபெரும் கண்காட்சியின் பின் அது ஐரோப்பிய மத்தியதர வர்க்கத்தாரின் வீடுகளுள் புகுந்தது. இக்கருவிகள் யாவும் ஒருவர் கண்ணை வைத்துப் பார்ப்பதற்கென ஆனவை. கூட்டமாகப் பார்க்கும் ஆசை பின்னரே எழுந்தது.

அவ்வாசைக்கு முதற் செயல்வடிவம் கொடுத்தவருள் முக்கியமானவர் பிரெடெரிக் ஐவ்ஸ் என்னும் அமெரிக்கர். 1896இல் பிரான்சில் பேர்த்தியே என்பார் இதனையொத்த கருத்தை எழுதியிருந்தார் எனினும், அதனை நடைமுறைக்குக் கொணர்ந்து 1903இல் உரிமம் பெற்றவர் ஐவ்ஸே. இடக்கண்ணுக்குரிய படத்தையும் வலக்கண்ணுக்குரிய படத்தையும் மிக ஒடுங்கிய நிலைக்குத்துக் கீற்றுகளாகப் பிரித்து, அவற்றை ஒன்றுவிட்டொன்றாக அடுக்கி, அதன் முன் சிறு இடைவெளி விட்டு, கருங்கோடுகளும் ஒளிபுகு பிளவுகளும் மாறி மாறி அமைந்த கண்ணாடித் தகடொன்றை அவர் நிறுத்தினார். ஒரு பிளவினூடு இடக்கண் நோக்கும்போது ஒரு கீற்றும், அதே பிளவினூடு வலக்கண் நோக்கும்போது அதன் பக்கத்துக் கீற்றும் தெரியும். கண்ணாடியைப் பார்ப்பவரின் முகத்திலிருந்து கழற்றிப் படத்தின் முகத்திலே மாட்டியவர் ஐவ்ஸ் எனலாம்.

இம்முறையின் கணக்கைச் சற்று விரித்து நோக்குவோம். பின்வந்த இடர்கள் பலவும் இதனுள்ளேயே அடங்கியுள்ளன. கீற்றின் அகலத்திற்கும் படத்துக்கும் தகட்டுக்கும் இடையிலான தூரத்திற்கும் உள்ள விகிதம், கண்களின் இடைவெளிக்கும் பார்ப்பவரின் தூரத்திற்கும் உள்ள விகிதத்திற்குச் சமனாதல் வேண்டும். இது க.பொ.த. சாதாரண தர வகுப்பில் பயின்ற இயல்பொத்த முக்கோணிகளின் விதியே. கீற்று 0.1 மில்லிமீற்றராகவும் பார்க்கும் தூரம் 325 மில்லிமீற்றராகவும் இருப்பின், தகடு படத்திலிருந்து அரை மில்லிமீற்றர் தள்ளி நிற்றல் வேண்டும். கீற்று 0.3 மில்லிமீற்றராகவும் பார்ப்பவர் 2.6 மீற்றருக்கு அப்பாலும் இருப்பின், அத்தூரம் 12 மில்லிமீற்றராகும். தகட்டை ஒரு தூரத்திற்கெனப் பொருத்திவிட்டால், அதற்கு முன்னோ பின்னோ இருப்பவர்க்கு விம்பம் கலங்கும். சரியான தூரத்தில் இருப்பவரும் தம் தலையைப் பக்கவாட்டில் 65 மில்லிமீற்றர் நகர்த்தினால், இடக்கண்ணுக்கு வலப்படமும் வலக்கண்ணுக்கு இடப்படமும் சென்று, அண்மையிலுள்ளது தொலைவாகவும் தொலைவிலுள்ளது அண்மையாகவும் புரண்டு தோன்றும். இவற்றுடன், ஒளியின் பாதிக்கு மேல் கருங்கோடுகளால் தடுக்கப்படுகின்றது. படத்தின் கிடைத்திசைக் கூர்மையும் ஒரு கண்ணுக்குப் பாதியாகின்றது.

இக்குறைகளை முழுமையாகக் கடக்கும் வழியொன்றை 1908 மார்ச்சில் பரிஸ் நகரின் விஞ்ஞானக் கழகத்தின் முன் கபிரியேல் லிப்மன் எடுத்துரைத்தார். ஒளியலைகளின் தலையீட்டைப் பயன்படுத்தி வர்ண ஒளிப்படம் எடுத்தமைக்காக அதே ஆண்டில் பௌதிகத்திற்கான நோபல் பரிசினைப் பெற்றவர் இவர். ஈயின் கூட்டுக்கண்ணைப் போன்று, எண்ணற்ற நுண்வில்லைகள் செறிந்த தகடொன்றின் பின்னே ஒளிப்படப் பூச்சைத் தடவுக என்றார் லிப்மன். ஒவ்வொரு நுண்வில்லையும் முன்னாலுள்ள காட்சியைத் தன் கோணத்திலிருந்து சிறு படமாகப் பதிக்கும். பின்னர் அத்தகட்டின் பின்புறமிருந்து ஒளிபாய்ச்சின், பதிந்த கதிர்கள் வந்த வழியே மீண்டு, வெளியிலே அப்பொருளின் விம்பத்தை உருவாக்கும். தலையை எப்பக்கம் நகர்த்தினும், மேலுங் கீழும் அசைத்தாலும், காட்சி அதற்கேற்ப மாறும். இதற்கு அவரிட்ட பெயரைத் தமிழிலே ‘தொகையீட்டு ஒளிப்படம்’ எனலாம்.

கோட்பாடு நிறைவானது, செய்கைதான் இடித்தது. அத்தகைய வில்லைத் தகட்டை வார்க்கும் ஆற்றல் அன்றைய கைத்தொழிலுக்கு இருக்கவில்லை. 1911இல் மொஸ்கோவில் சொக்கொலொவ் வில்லைகளுக்குப் பதிலாக ஊசித்துளைகளைப் பயன்படுத்தியே கோட்பாட்டைப் பரிசோதித்தார். மேலும், வந்த வழியே மீளும் கதிர்கள் பொருளின் ஆழத்தைப் புரட்டிக் காட்டின. மூக்கு உட்குழிந்தும் கன்னம் வெளித்தள்ளியும் தோன்றும் முகத்தை எவர் விரும்புவார்? ஒருமுறை பதிந்ததை மறுமுறையும் அவ்வாறே படமெடுத்தால் புரண்டது நேராகும் என 1931இல் காட்டியவர் ஹேபேட் ஐவ்ஸ். இவர் மேற்கூறிய ஐவ்ஸின் மைந்தர். 1927இல் வாஷிங்ரனிலிருந்து நியூயோர்க்குக்குத் தொலைக்காட்சிப் படத்தை அனுப்பிக் காட்டிய பெல் ஆய்வுகூடக் குழுவின் தலைவரும் இவரே. தொலைக்காட்சி பிறந்த கையும் கண்ணாடி வேண்டாப் படத்தை வளர்த்த கையும் ஒன்றாயிருந்தமை வியப்பன்று. இரண்டும் படத்தைக் கீற்றுகளாக நறுக்கும் கலையே.

இதற்கிடையில் சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த கண் வைத்தியர் வால்ற்றர் ஹெஸ், வட்ட வில்லைகளை விடுத்து, நிலைக்குத்தான உருளைவில்லைகளை வரிசையாகக் கொண்ட தகட்டினை ஆக்கினார். மேல்கீழ் அசைவுக்குரிய காட்சியைத் துறந்து பக்கவாட்டு அசைவை மட்டும் காத்துக்கொண்ட சமரசம் இது. கண் வைத்தியத்தை விட்டு உடற்றொழிலியலுக்குச் சென்ற ஹெஸ் 1949இல் அத்துறையில் நோபல் பரிசு பெற்றார். கோயில் திருவிழாக் கடைகளில் விற்கப்படும், அசைக்கும்தோறும் ஒரு தெய்வம் மற்றொரு தெய்வமாக மாறும் படங்களின் மேற்பரப்பை நகத்தாற் கீறிப் பார்த்தோர் அவ்வுருளை வரிகளை உணர்ந்திருப்பர். கருங்கோட்டுத் தகட்டைப்போல் இது ஒளியைத் தடுப்பதில்லை; வேறு திசைக்குத் திருப்பி அனுப்புகின்றது. ஆயினும் கூர்மையைப் பங்கிடும் கணக்கு மாறவில்லை.

கூட்டமாகக் காணும் ஆசையின் உச்சம் 1941இல் மொஸ்கோவிலே நிகழ்ந்தது. அவ்வாண்டு பெப்ரவரியில் செம்யோன் இவானொவ் என்பாரின் முறைப்படி, ‘மொஸ்குவா’ என்னும் படமாளிகையில் கண்ணாடியின்றி முப்பரிமாணத் திரைப்படம் பொதுமக்களுக்குக் காட்டப்பட்டது. திரையின் முன் ஏறக்குறைய 30,000 செப்புக் கம்பிகள் இழுத்துக் கட்டப்பட்டிருந்தன. ஐவ்ஸின் கருங்கோடுகள் ஒன்றுக்கொன்று சமாந்தரமானவை. இவானொவ் தமது கம்பிகளை ஒரு புள்ளியை நோக்கிக் குவியுமாறு சாய்த்தமைத்தார். அதனால் வெவ்வேறு தூரத்திலுள்ள ஆசன வரிசைகள் யாவற்றுக்கும் சரியான விம்பம் கிட்டிற்று. இது உண்மையிலேயே பெருஞ்சாதனை. எனினும், ஆசனத்தில் அமர்ந்தவர் தம் தலைக்குரிய இடத்தைத் தாமே தேடிப் பிடித்து, காட்சி முடியும்வரை அதனை விடாது வைத்திருத்தல் வேண்டும். ஜேர்மனியப் படையெடுப்பு யூனில் தொடங்க, அம்முயற்சி தடைப்பட்டது. 1947இல் கம்பிகளுக்குப் பதிலாக வில்லைத் திரையுடன், ‘றொபின்சன் குரூசோ’ என்னும் முழுநீளப் படம் காட்டப்பட்டது. சேர்கேய் ஐசன்ஸ்ரைன் தமது இறுதி நாட்களில் இம்முறையைப் போற்றிக் கட்டுரை எழுதினார். மேடைக்கும் சபைக்கும் இடையிலுள்ள பிளவை நாடக வரலாறு நெடுகிலும் கலைஞர் கடக்க முயன்றதன் தொடர்ச்சியாக அதனைக் கண்டார். சபையோரை மேடையோடு இணைக்கும் அக்கருவி, பக்கத்து ஆசனத்தவர் பக்கம் திரும்ப முடியாதபடி ஒவ்வொருவரையும் பூட்டி வைத்ததென்பதை அவர் பொருட்படுத்தவில்லை போலும்.

தொலைக்காட்சியில் இம்முயற்சியின் முன்னோடி ஜோன் லோகி பெயாட். 1928 ஓகஸ்ட் 10ஆந் திகதி இலண்டன் லோங் ஏக்கரில் இருவிழித் தொலைக்காட்சியை அவர் காட்டினார். 30 வரிகளே கொண்ட அச்சிறு படத்தைக் காண்பதற்குப் பார்ப்பவர் பழைய கருவியினூடாகவே நோக்க வேண்டியிருந்தது. 1941 டிசெம்பரில் அவர் காட்டியது வேறு. யுத்தத்தால் பி.பி.சி. தொலைக்காட்சி மூடப்பட்டிருந்த அக்காலத்தில், சிடனம் பகுதியிலுள்ள தமது இல்லத்தில், பெரும்பாலும் சொந்தப் பணத்திலேயே, 500 வரிகள் கொண்ட வர்ண முப்பரிமாணப் படத்தைக் கண்ணாடியின்றித் தோற்றுவித்தார். இரு கண்களுக்குமுரிய படங்கள் விரைவாக மாறி மாறித் தோன்ற, ஒளியியல் அமைப்பு ஒவ்வொன்றையும் அதற்குரிய கண் இருக்கும் இடத்திற்கே செலுத்திற்று. அவ்விடத்தில் தலையை வைத்திருந்தவர்க்கே அது புலனாயிற்று. மொஸ்கோவில் பலர் கூடி ஒவ்வொருவரும் அசையாதிருந்தனர். சிடனத்தில் ஒருவரே அசையாதிருந்தார். 1946இல் பெயாட் மறைந்தார்.

1947இல் டெனிஸ் காபர் கண்டறிந்ததும், லேசர் ஒளி வந்தபின் 1960களில் உருப்பெற்றதுமான ஹொலோகிராம் முறை, இச்சிக்கல்கள் யாவற்றுக்கும் முடிவாகுமெனப் பலர் நம்பினர். அந்நம்பிக்கையின் விலையை ஒரு கணக்கே காட்டும். தலையீட்டு வரிகள் மில்லிமீற்றருக்கு 1,000 எனக் கொண்டு, ஒவ்வொரு வரிக்கும் இரு புள்ளிகள் வீதம், 10 சதமமீற்றர்ப் பக்கமுள்ள சதுரத்தைப் பதிவதாயின் 4,000 கோடி புள்ளிகள் வேண்டும். அதுவும் அசையாத ஒரு படத்திற்கு. இத்துணைத் தகவலை எடுத்துச் செல்லும் மீடிறன் பட்டை எந்த ஒலிபரப்பாளரிடமும் இருக்கவில்லை. 1989இல் மசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் ஸ்ரீபன் பென்ரன் குழுவினர் அசையும் ஹொலோகிராம் விம்பத்தைக் காட்டியபோது, அவர்களும் ஹெஸ்ஸைப் போல் மேல்கீழ்க் காட்சியைத் துறந்தே தகவலைக் குறைத்தனர். விம்பத்தின் அளவு சில சதமமீற்றர் மட்டுமே.

கண்ணாடி வேண்டாத் தொலைக்காட்சியை மீண்டும் உயிர்ப்பித்தது தட்டைத் திரையாகும். பழைய கதோட்டுக் கதிர்க் குழாயில் எலெத்திரன் கற்றை வந்து வீழும் இடம் சிறிது சிறிதாக விலகிக்கொண்டேயிருக்கும். தடித்த கண்ணாடி முகப்பு வேறு இடைநிற்கும். மில்லிமீற்றரின் நூறிலொரு பங்கு பிசகினாலும் பிழைக்கும் வில்லைத் தகட்டை அதன்மேற் பொருத்துதல் மிகக் கடினம். திரவப் பளிங்குத் திரையிலோ ஒவ்வொரு படப்புள்ளிக்கும் அசையாத இடமொன்று உண்டு. ஷார்ப் நிறுவனம் 2002இல் ஐவ்ஸின் தடுப்பையே திரவப் பளிங்கினால் அமைத்துக் கைத்தொலைபேசியொன்றிற் புகுத்தியது. வேண்டாதபோது தடுப்பை மறையச் செய்யவும் முடிந்தது. பிலிப்ஸ் நிறுவன ஆய்வாளர்கள் உருளைவில்லையைத் தேர்ந்தனர். படப்புள்ளிகளுக்கு இடையிலுள்ள கருமையான ஓரங்களை வில்லை பெருப்பித்துக் கரும்பட்டைகளாகக் காட்டும் குறை அதில் இருந்தது. 1990களின் நடுப்பகுதியில் அவர்கள் வில்லைகளை நிலைக்குத்திலிருந்து சிறிது சரித்து வைத்தனர். கரும்பட்டைகள் கரைந்தன, அத்துடன், கூர்மை இழப்பு கிடைத்திசையில் மட்டும் விழாது இருதிசைக்கும் பங்கிடப்பட்டது. எளிமையும் நுட்பமும் ஒருங்கே அமைந்த தீர்வு இது. ஆயினும் 2009இல் பிலிப்ஸ் இவ்வணிகத்தை விட்டு விலகியது.

தொஷிபாவின் கதை இக்கணக்கினை முழுமையாகப் புலப்படுத்துகின்றது. 2011 டிசெம்பரில் யப்பானிலும் ஜேர்மனியிலும் அந்நிறுவனம் விற்பனைக்கு விட்ட 55 அங்குலத் தொலைக்காட்சியின் திரையில் கிடையாக 3,840உம் நிலைக்குத்தாக 2,160உம் ஆகப் படப்புள்ளிகள் இருந்தன. மொத்தம் 82,94,400. அக்காலத்தில் வீட்டுத் தொலைக்காட்சிகளிற் காண்பதற்கரிய தொகை இது. பார்ப்போர் பல இடங்களிலிருந்து காணும்பொருட்டு, இது ஒன்பது கோணப் படங்களுக்குப் பங்கிடப்பட்டது. பங்கொன்றுக்கு 9,21,600, அதாவது 1,280க்கு 720. சாதாரண உயர்தெளிவுத் தொலைக்காட்சியொன்று அதே காலத்தில் 20,73,600 படப்புள்ளிகளைத் தந்தது. ஜேர்மனியில் 7,999 யூரோ கொடுத்து வாங்கியவர், முப்பரிமாணக் காட்சியில், ஒரு கண்ணால் அதன் பாதிக்கும் குறைவாகவே கண்டார். ஒன்பதாம் படம் முடிந்து மீண்டும் முதலாம் படம் தொடங்கும் எல்லையில் கண்கள் இரண்டும் பிரிந்து நின்றால், ஐவ்ஸின் காலத்து ஆழப்புரட்டல் தோன்றும். அதைத் தவிர்க்கவே பார்ப்போரின் முகங்களை அறியும் கமராவொன்றும் அதிற் பொருத்தப்பட்டது.

இன்னுமொரு சிக்கல் விளம்பரங்களிற் பேசப்படவில்லை. ஒளிபரப்பில் வந்தவை இரண்டே படங்கள்; பெரும்பாலும் ஒன்றே. எஞ்சிய ஏழும் எங்கிருந்து வரும்? கருவியே கணித்து உண்டாக்க வேண்டும். ஒருவரின் தோளுக்குப் பின்னால் மறைந்துள்ள சுவர் ஐந்தாம் கோணத்திலிருந்து தெரியவேண்டுமாயின், அச்சுவரை எந்தக் கமராவும் பதிந்திராதபோது, அயலிலுள்ள நிறங்களைக் கொண்டு கருவி அதை ஊகித்து நிரப்பும். ஊகம் பிழைக்குமிடத்தில் உருவங்களின் விளிம்பு நெளியும். எல்லாக் கோணங்களையும் உண்மையாகவே பதிவதாயின் எவ்வளவு செலவாகும் என்பதை 2004இல் மிற்சுபிஷி ஆய்வுகூடத்தில் மற்றுசிக்கும் ஃபிஸ்ரரும் அமைத்த கருவி காட்டியது: 16 கமராக்கள், 16 எறிவைகள். எந்தக் கலையகம் இதனை நாளாந்தம் தாங்கும்?

கண்ணுக்குள்ளேயும் ஒரு முரண்பாடு உண்டு. அண்மையிலுள்ள பொருளை நோக்கும்போது கண்கள் இரண்டும் உட்புறம் ஒருங்கும்; அதேவேளை கண்வில்லை தடித்துத் தன்னமைவு பெறும். முப்பரிமாணத் திரையில், பொருள் முன்னால் வந்து நிற்பதாகத் தோன்றுகையில் கண்கள் அதை நோக்கி ஒருங்குகின்றன. கண்வில்லையோ ஒளி உண்மையில் புறப்படும் திரையிலேயே குவியவேண்டியுள்ளது. 2008இல் மாட்டின் பாங்ஸ் குழுவினர் வெளியிட்ட பரிசோதனைகள், இம்முரண்பாடே பார்வைக் களைப்பை விளைவிக்கின்றதெனக் காட்டின. மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவதால் இது தீர்வதில்லை. மக்கள் வெறுத்தது கண்ணாடியை மட்டுமே என்று எழுதுவோர் இதனைக் கவனியாது விடுகின்றனர்.

இதற்குத் தீர்வு தரத்தக்கது, கதிர்களையே மீளப் படைக்கும் லிப்மனின் முறைதான். யப்பானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமான என்.எச்.கே.யின் ஆய்வாளர் ஒகானோவும் அவர்தங் குழுவினரும் 1997இல் அதனை அசையும் காட்சிக்கு நேரடியாகப் பிரயோகித்து வெற்றி கண்டனர். ஆழப்புரட்டலை நீக்க, ஐவ்ஸைப் போல் இருமுறை படமெடுக்காது, ஒவ்வொரு சிறு படத்தையும் தலைகீழாக்கும் விசேட கண்ணாடி நார் வில்லைகளைப் பயன்படுத்தினர். ஆனால் இங்கு ஒரு நுண்வில்லை பார்ப்பவர்க்கு ஒரே படப்புள்ளியாகின்றது. 7,680க்கு 4,320 என்னும் மிகவுயர் தெளிவுத் திரையொன்றை எடுத்து, ஒவ்வொரு வில்லைக்கும் 20க்கு 20 படப்புள்ளிகளை ஒதுக்கின், எமக்குக் கிடைப்பது 384க்கு 216 மட்டுமே. மூன்று கோடியே முப்பத்தொரு இலட்சத்துக்கு மேற்பட்ட புள்ளிகளைச் செலவிட்டு எண்பத்து மூவாயிரத்துக்கும் குறைவானதைப் பெறுகின்றோம். லிப்மனுக்கு வில்லை கிட்டவில்லை. ஒகானோவுக்கு வில்லை கிட்டியும் புள்ளிகள் போதவில்லை.

ஆகவே, 2010களின் தோல்வியை விளம்பரத்தின் தோல்வியாகவோ மக்களின் சோம்பலாகவோ விளக்குவது பொருந்தாதென்பது எனது கருத்து. ஒரு திரை தரக்கூடிய தகவல் எல்லையுடையது. அதைப் பார்ப்போர் பலருக்கும் அவர்தம் அசைவுகள் அனைத்துக்கும் பகிர்ந்தால் ஒவ்வொருவர்க்கும் கூர்மை குறையும். கூர்மையைக் காத்தால் ஆசனங்கள் குறையும். தொலைக்காட்சி, குடும்பத்தார் கூடியிருந்து, பேசி, எழுந்து, சாய்ந்து பார்க்கும் பொருளாகவே வளர்ந்தது. அத்தகைய சபைக்கு இக்கணக்கு இடங்கொடுக்கவில்லை.

கணக்கு இடங்கொடுத்த இடத்தில் கருவி விலைபோனமை இதற்குச் சான்றாகும். 2011 பெப்ரவரியில் வெளிவந்த நின்ரெண்டோ கைவிளையாட்டுக் கருவியை ஒருவர் தம் கையில், ஏறக்குறைய மாறாத தூரத்தில் வைத்துப் பார்த்தார். கிடையாக 800 புள்ளிகளை இரு கண்களுக்கும் 400 வீதம் ஐவ்ஸின் தடுப்பே பகிர்ந்தளித்தது. 2014இல் வந்த புதிய வடிவம் பார்ப்பவரின் முகத்தைக் கமராவால் தொடர்ந்து, தடுப்பை அதற்கேற்ப நகர்த்தியது. எனினும் ஆழத்தைக் குறைக்கவும் முற்றாக நிறுத்தவும் அக்கருவியில் ஒரு சறுக்கி அமைந்திருந்தது. 2013இல் முப்பரிமாணமே இல்லாத மலிவு வடிவமொன்றையும் அந்நிறுவனம் வெளியிட்டது. 2020இல் இவ்வரிசையின் உற்பத்தி முடிவுற்றது. அதே ஆண்டில் சோனி நிறுவனம் 15.6 அங்குலத் திரையொன்றை வடிவமைப்பாளர்களுக்கென விற்பனைக்கு விட்டது. கண்களின் இடத்தைக் கமராவொன்று கணந்தோறும் அளக்க, நுண்வில்லைகள் அவ்விரு கண்களுக்கு மட்டும் படத்தைச் செலுத்துகின்றன. தலையை அசைத்தாலும் விம்பம் பிறழ்வதில்லை. கூர்மையும் பெரிதுங் குறைவதில்லை. அருகில் நின்று பார்க்கும் இரண்டாமவர்க்குரிய விம்பம் அதில் இல்லை.